அனலுக்கும் ஓர் அளவு உண்டு



சேர்வராயன் கோயில் அமைந்துள்ள ஏற்காட்டு உச்சிக்குச் செல்வோர் குளிர்காற்றையும் காப்பித் தோட்டங்களையும் நினைவில் கொண்டு இறங்குவார்கள். அம்மலையின் கீழே விரிந்திருக்கும் சேலம் நாட்டுக்கோ வேறொரு செல்வமும் உண்டு. நகரையடுத்த கஞ்சமலையில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புக்கல் மிகுந்திருக்கிறது. அக்கல்லில் உள்ள அதே இரும்பு ஆக்சைடை ஆய்வகத்தில் நுண்துகள்களாக உருவாக்கி, இன்று புற்றுநோய்க்கு எதிராகவும் பயன்படுத்துகிறார்கள்.

இச்செய்தியைக் கேள்வியுற்ற நம் சபைச் சகோதரி ஒருவர், "ஐயா, காந்தத்தால் கட்டியைச் சுட்டுவிடலாமாமே! கதிர்வீச்சை நிறுத்திவிட்டு அதற்குக் காத்திருக்கட்டுமா?" என்று என்னிடம் வினவினார். அவர் கண்களில் நம்பிக்கையும் களைப்பும் ஒருங்கே தெரிந்தன.

நான் வாசித்து அறிந்ததை அவருக்குச் சொன்னேன். 1957ஆம் ஆண்டிலேயே கில்கிறிஸ்ட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இம்முறையைச் சோதித்தனர். பின்னர் ஜெர்மனியில் வளர்ந்த ஒரு சிகிச்சை, மூளைக் கட்டிகளுக்காக 2010இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. ஏறத்தாழ 12 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை நீர்மத்தில் கலந்து கட்டிக்குள் செலுத்துவார்கள். வெளியே நொடிக்கு 1,00,000 முறை திசைமாறும் காந்தப்புலத்தை இயக்குவார்கள். துகள்களின் காந்தத்தன்மை அதற்கேற்பப் புரண்டு புரண்டு வெப்பத்தை வெளிவிடும். 41 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறுகையில் புற்று செல்கள் தளர்ந்து, கதிர்வீச்சுக்கு எளிதில் இடங்கொடுக்கும். ஆகவே இது கதிர்வீச்சுக்குத் துணையேயன்றி மாற்று அன்று. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதும் அன்று. "மருத்துவரைக் கேளாமல் ஒரு நாளையும் தவறவிடாதீர்கள், அம்மா" என்றேன்.

பிரியமானவர்களே, இதில் என் சிந்தையைத் தொட்டது ஒன்றுண்டு. காந்தப்புலம் நலமான தசையையும் கடந்தே செல்கிறது. ஆயினும் துகள் சேர்ந்த இடமே பெரிதும் சூடேறுகிறது. வெப்பம் குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் நலமான பகுதியும் வெந்துபோகும். நோயுற்றோரிடம் நாம் காட்டும் அன்பும் அத்தகையதே. "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்று அனல் கக்குவோர் புண்பட்ட மனத்தை மேலும் சுடுகிறார்கள். தூரத்தில் நின்று பொதுவாய் ஆறுதல் கூறுவோரின் சொல்லோ வலிக்கும் இடத்தை எட்டுவதேயில்லை.

அச்சகோதரி தம் சிகிச்சையைத் தொடர்கிறார். அவரோடு பேருந்தில் செல்லவும், மருத்துவமனை வரிசையில் உடன் அமரவும், திரும்பி வந்ததும் கஞ்சி காய்ச்சித் தரவும் ஆட்கள் தேவை. எந்த நாளில் உங்களால் இயலும் என்று இந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் தெரிவியுங்கள். வைத்தியரின் கைகளையும் நம் கைகளையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.