வெள்ளை பூத்த சொக்லேற்

மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய வகுப்பில் கோடைவிழா என்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது சாப்பாடு கொண்டுபோக வேண்டும். ஆசிரியை ஒரு தாள் கொடுத்துவிடுவார். பெயருக்கு நேரே என்ன கொண்டுவருவீர்கள் என்று எழுதவேண்டும். உருளைக்கிழங்கு சலாட், கேக், வத்தகப்பழம் என்று அந்தத் தாள் நிரம்பும். எங்கள் பெயருக்கு நேரே வழக்கமாக 'ரோல்ஸ்' என்றுதான் இருக்கும். மனைவியின் ரோல்ஸுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர். இந்த முறை எங்களைக் கேட்காமலேயே மகள் பேனையால் எழுதிக் கொடுத்துவிட்டாள். "ஷோக்கோ ஃபுறூக்ரெ." சொக்லேற்றில் தோய்த்த பழங்கள்.

ஜேர்மனியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்ற நாட்டுக்காரருக்காகச் சொல்கிறேன். நத்தார்ச் சந்தையிலும் ஊர்த் திருவிழாக்களிலும் இதற்கென்றே கடைகள் இருக்கும். மரக்குச்சியில் நாலைந்து ஸ்ரோபெரியோ முந்திரிகைப்பழமோ ஒரு வாழைப்பழமோ குத்தி, சொக்லேற்றில் தோய்த்துக் காயவைத்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் அந்த இடத்தைத் தாண்டி நடக்கமாட்டார்கள். ஒரு குச்சிக்குச் சொல்லும் விலைக்கு, பருவகாலத்தில் வீட்டுக்கே பழம் வாங்கலாம். "அப்பா இதை வீட்டிலேயே செய்து தருவன்" என்று ஒருநாள் காசை மிச்சம் பிடிக்கச் சொன்னேன். அதை அவள் மறக்கவில்லை. வகுப்பிலே போய் "என்ர அப்பா ஒரு கொக்" என்று வேறு சொல்லி வைத்திருக்கிறாள். கொக் என்றால் சமையற்காரர்.

நான் ஒரு இத்தாலிய உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். முதலில் கோப்பை கழுவினேன். பிறகு சலாட், பிறகு பீட்சா அடுப்பு. இப்போது இனிப்பு வகையும் என்னுடைய பொறுப்பு. ஆகவே தெரியாது என்று தப்பமுடியாது.

விழாவுக்கு ஒரு கிழமை முந்தி, சனிக்கிழமை இரவு, வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்தேன். நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நித்திரைத் தூக்கத்தில் எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தேன். மைக்ரோவேவில் சொக்லேற்றை உருக்கி, பழங்களைத் தோய்த்து, பிறிட்ஜுக்குள் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மகள்தான் முதலில் எழும்பிப் பார்த்தாள். சொக்லேற் பளபளப்பில்லாமல், மேலே சாம்பல் வெள்ளையாகக் கோடு கோடாகப் பூத்திருந்தது.

"அப்பா, இது ஷிம்மலா?"

ஷிம்மல் என்றால் பூஞ்சணம். நான் பதில் சொல்லாமல் நின்றேன். இதே கேள்வியை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அது 1993. எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு எட்டு. யாழ்ப்பாணத்தில் 1990இலிருந்து மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரியும் விளக்கில்தான் படிப்பு. பற்றரி, எரிபொருள், உரம் என்று தடைசெய்யப்பட்ட சாமான்களின் பட்டியல் நீளமானது. சொக்லேற் என்பதைத் தம்பி படத்தில் பார்த்திருந்தானே தவிர வாயில் வைத்ததில்லை. அந்த வருடம் மாமா கொழும்பிலிருந்து வந்தார். அப்போது கொழும்பிலிருந்து வருவதென்றால் வவுனியா வரை வந்து, வன்னியைக் கடந்து, இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் தாண்டவேண்டும். அந்தக் கடலில் எத்தனை சனம் செத்தது என்பது எங்கட ஆட்களுக்குத் தெரியும். மாமா உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். வந்தவர் பையின் அடியிலிருந்து ஒரு சொக்லேற் கட்டியை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார்.

வழி நெடுக வெயிலில் உருகி, இரவில் உறைந்து, திரும்ப உருகி உறைந்த சொக்லேற் அது. வெள்ளித்தாளைப் பிரித்தால் வளைந்து நெளிந்து மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அம்மா வாங்கி விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"ஐயோ, பூஞ்சணம் பிடிச்சிட்டுது. தின்னாதை ராசா" என்று சொல்லி, கொண்டுபோய்க் கிணற்றடி வாழைக்குள் எறிந்துவிட்டா.

அம்மாவில் பிழை சொல்லமாட்டேன். அந்த நாளில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் மருந்துக்கு எங்கே போவது? கெட்டுப்போனது என்று சந்தேகப்பட்டால் எறியத்தான் வேண்டும். தம்பி இரவு முழுக்க அழுதான். வெள்ளித்தாளை மட்டும் நகத்தால் நீவி நீவிச் சுருக்கமெடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான். விடிந்ததும் முதல் வேலையாக வாழையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் கேட்டான்.

"அம்மா, அதில முழுக்க எறும்பு மொய்ச்சுக் கிடக்கு. பூஞ்சணமெண்டா எறும்பு தின்னுமோ?"

அம்மா பதில் சொல்லவில்லை.

சரி, அந்த வெள்ளை என்ன என்று சொல்கிறேன். அது பூஞ்சணமே அல்ல. சொக்லேற்றில் இருக்கும் கொக்கோக் கொழுப்பு. இந்தக் கொழுப்பு உறையும்போது ஆறு விதமான பளிங்கு வடிவங்களில் உறையக்கூடியது. கரியே வைரமாகவும் இருக்கிறது, பென்சில் கூராகவும் இருக்கிறது, இல்லையா? அதுபோல, பொருள் ஒன்று, அடுக்கு வேறு. ஆறில் ஐந்தாவது வடிவம்தான் நமக்கு வேண்டியது. அது பளபளக்கும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும், கையில் ஒட்டாது, 34 பாகைக்குக் கிட்ட, வாய்க்குள் போனதும் உருகும். கண்டபடி உருக்கி ஆறவிட்டால் மற்ற வடிவங்களும் கலந்து உறையும். அவை நிலையில்லாதவை. மெல்ல மெல்ல மாறும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. கொஞ்சம் மண் தின்பதுபோல் நறநறக்கும், அவ்வளவுதான். திரும்ப உருக்கி முறையாக ஆறவிட்டால் பழையபடி நல்ல சொக்லேற் ஆகிவிடும்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் எங்கள் குசினியில் இருந்த வயதான சிசிலிக்காரர். சொக்லேற்றைக் கரண்டி நுனியில் எடுத்துக் கீழுதட்டில் தொட்டுப் பார்ப்பார். "ஏன்?" என்று கேட்டால் "என்ர அப்பா இப்பிடித்தான் செய்தவர்" என்பார். காரணம் அவருக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இது நான் படித்த பாடம் என்று புரிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், இரசாயன விரிவுரையில், வைரத்தையும் பென்சில் கரியையும் வரைந்து காட்டிய அதே பாடம். இறுதி வருடம் முடிக்காமல் வெளிக்கிட்டவன் நான். முடிக்காத படிப்புக்குத் தாள் இல்லை. தாள் இல்லாத படிப்பு இந்த நாட்டில் படிப்பே இல்லை. அந்தப் பாடம் எனக்கு உதவியது ஒரு குசினியில்தான்.

மகளுக்கு இதெல்லாவற்றையும் சொன்னேன். ஒரு விடயம் மட்டும் அவளுக்குப் பிடித்துக்கொண்டது. "அப்ப ஆறுக்குள்ள அஞ்சாவதைப் பிடிக்கவேணும், என்ன?" என்றாள். ஓம், அதுதான் முழு வித்தை. அன்றைக்கே இரண்டு பேரும் திரும்பச் செய்தோம். வீட்டில் செய்ய விரும்புபவர்களுக்காக எழுதிவிடுகிறேன்.

அரைக்கிலோ ஸ்ரோபெரிக்கு 200 கிராம் சொக்லேற் போதும். ஜேர்மன் கடைகளில் கேக் சாமான் இருக்கும் தட்டில் 'கூவெர்ரூரெ' என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் பெயர் போடுவதென்றால் அதில் குறைந்தது 31 வீதம் கொக்கோக் கொழுப்பு இருக்கவேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். பக்கத்திலேயே 'குகென்கிளாசூர்' என்று மலிவாக ஒன்று இருக்கும். பெரும்பாலும் வேறு தாவரக் கொழுப்புச் சேர்த்தது. அதை வெறுமனே உருக்கித் தோய்க்கலாம், வெள்ளை பூக்கும் தொல்லை இல்லை. ஆனால் ருசி மெழுகுபோல இருக்கும்.

ஸ்ரோபெரியைக் காம்போடு கழுவி, துவாயில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடையுங்கள். இதில் பஞ்சிப்படக்கூடாது. உருகிய சொக்லேற்றுக்குள் ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் அது கட்டிபட்டுக் களிபோல ஆகிவிடும். அப்படி ஆனால் எறியவேண்டாம், சூடான பால் விட்டுக் கலக்கினால் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கலாம். பழம் பிறிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு இருக்கவும் கூடாது. குளிர்ந்த பழத்தில் வேர்க்கும், வேர்த்தால் சொக்லேற் கழன்று விழும்.

சொக்லேற்றைச் சிறிதாக வெட்டி, மூன்றில் ஒரு பங்கைப் புறம்பாக வையுங்கள். மற்ற இரண்டு பங்கையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்கு மேலே வைத்து மெதுவாக உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் முட்டக்கூடாது. கறுப்புச் சொக்லேற் என்றால் 45 பாகை வரை சூடாகவேண்டும். இறக்கிவைத்து, புறம்பாக வைத்த பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். கடையில் வந்த சொக்லேற்றில் ஐந்தாவது பளிங்கு ஏற்கெனவே இருக்கிறது. அது விதை மாதிரி. பாலுக்கு உறைமோர் விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். கிளறக் கிளற 31, 32 பாகைக்கு வந்ததும் தோய்க்கலாம். பால் சொக்லேற் என்றால் 30க்குக் கிட்ட. வெப்பமானி இல்லையென்றால் சிசிலிக்காரரின் முறை இருக்கிறது. கீழுதட்டில் தொட்டால் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல், ஒரு துளி குளிர்ச்சியாகத் தெரிந்தால் சரி. கத்தி நுனியில் கொஞ்சம் தடவி வைத்துப் பாருங்கள், சில நிமிடத்தில் மினுங்கிக்கொண்டு இறுகினால் வென்றுவிட்டீர்கள்.

காம்பில் பிடித்துத் தோய்த்து, வழியவிட்டு, பேக்கிங் தாளில் வையுங்கள். அறைச் சூடு 20 பாகைக்குக் கிட்ட இருந்தால் கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஸ்ரோபெரியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்கவேண்டும், அடுத்த நாள் தண்ணீர் விடும். வாழைப்பழம் கொஞ்சம் காயாக இருந்தால் நல்லது. எங்கட கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் செய்து பார்க்க எனக்கு ஆசை. இங்கே கிடைத்தால்தானே.

இரண்டாம் முறை செய்தது கண்ணாடி மாதிரி வந்தது. மகள் தட்டுத் தட்டாகப் படம் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா வீடியோவில் வருவா. மகள் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு "அப்பம்மா, பாருங்கோ" என்று புதுத் தட்டைக் காட்டினாள். காட்டும்போது பக்கத்தில் கிடந்த பழைய தட்டும் தெரிந்துவிட்டது.

"அது என்ன மோனை, வெள்ளையாக் கிடக்கு?"

நான் வாயைத் திறந்தேன். கொழுப்பு, பளிங்கு, ஐந்தாவது வடிவம் எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

தம்பியைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. 2007 தை மாதம், கடைக்கென்று சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு இருபத்தியிரண்டு வயதாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்தில் அப்படிப் போன பிள்ளைகள் நிறைய. மிச்சம் இருந்த ஒரு பிள்ளையையாவது காப்பாற்றவேண்டும் என்றுதான் காணியை ஈடுவைத்து, பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு என்னை அனுப்பினார்கள். என்னுடைய படிப்பு நின்றது அப்படித்தான். அம்மா இன்றைக்கும் அவனுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சேரி வாசலில் மற்றத் தாய்மாரோடு போய் இருந்துவிட்டு வருவா.

இரண்டு வருடத்துக்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு கேல்ன் நகரத்துச் சொக்லேற் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ரைன் நதிக்கரையில், மூன்று மீற்றர் உயரத்தில் ஒரு சொக்லேற் ஊற்று ஓயாமல் வழிந்துகொண்டிருக்கும். அதில் வேபர் தோய்த்துக் கொடுப்பார்கள். அந்த அருங்காட்சியகம் திறந்த வருடம் 1993. மகள் தின்றுகொண்டே நின்றாள், நான் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கட்டி நல்ல சொக்லேற் என்று அம்மாவுக்குச் சொல்லலாம். எறும்புக்குத் தெரிந்தது, எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லலாம். எழுபத்தைந்து வயதில், ரெலிபோனை வைத்துவிட்டு அந்த வீட்டில் தனிய இருந்து அதை நினைக்கப்போவது அம்மாதான்.

"என்ன மோனை, பேச்சைக் காணேல்லை? அது பூஞ்சணம் பிடிச்சிட்டுது போல. பிள்ளைக்குக் குடுத்திடாதை. எறி."

"ஓமம்மா, எறியிறன்" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். ரெலிபோனை வைத்த பிறகு அந்தப் பழைய தட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், இரண்டு பேருமாக ஒன்றும் மிச்சம் விடாமல் தின்று முடித்தோம்.