ப்ரொஃபைல் எழுதுவது டைப்பிங் வேலை அல்ல

எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் வேலைவாய்ப்புப் பயிற்சி நடத்த வந்தவர், "லிங்க்ட்இன் ப்ரொஃபைல் எழுத இனி யாரிடமும் போக வேண்டாம், ஏ.ஐ.யிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும்" என்று மேடையில் பேசினாராம். அதைக் கேட்ட பையன்கள் ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வந்தார்கள். ப்ரொஃபைலையும் காட்டினார்கள். பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எல்லோரும் ஒரே ஆள். எல்லோருக்கும் ஆர்வம் இருக்கிறது, அர்ப்பணிப்பு இருக்கிறது, எல்லோரும் சவால்களை விரும்புகிறார்கள். எந்தப் பையனும் எந்த மிஷினையும் தொட்டதாக ஒரு வரி இல்லை.

சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து ரெமிங்டனில் விண்ணப்பம் அடித்ததில் தொடங்கி, பேஜ்மேக்கரில் பயோடேட்டா, 1997இல் நௌக்ரி வேலைவாய்ப்புத் தளம் வந்த பிறகு ரெஸ்யூம், இப்போது லிங்க்ட்இன். 2003இல் தொடங்கிய அந்தத் தளத்தை மைக்ரோசாஃப்ட் 2016இல் 2,620 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மனிதர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதி வைத்திருக்கும் பக்கங்களுக்குத்தான் அந்த விலை. அதே பக்கத்தை எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி: "பக்கத்துக்கு எவ்வளவு அண்ணாச்சி?"

ஆள் தேடுகிறவர் எப்படித் தேடுகிறார் என்று தெரியாமலேதான் பாதிப்பேர் எழுதுகிறார்கள். அவர் யாருடைய ப்ரொஃபைலையும் உட்கார்ந்து படிப்பதில்லை. பதவி, ஊர், திறன், கம்பெனி என்று வரிசையாகக் கொடுத்து வடிகட்டுகிறார். 'ஆஃப்செட்', 'ஹைடெல்பர்க்' இரண்டும் இருக்க வேண்டும், 'டிரெய்னி' இருக்கக் கூடாது என்றுகூட அவரால் கேட்க முடியும். வடிகட்டி வருகிற பட்டியலில் முதலில் கண்ணில் படுவது போட்டோ, பெயர், தலைப்பு வரி, இப்போதைய வேலை, ஊர். தலைப்பு வரிக்கு 220 எழுத்துக்கு இடம் இருக்கிறது. செல்போனில் முன்பாதிதான் தெரியும். 'அபவுட்' பகுதிக்கு 2,600 எழுத்து வரை உண்டு, ஆனால் திறக்காமல் தெரிவது முதல் சில வரிகள்தான். அந்த வரிகளில்தான் நம் பிள்ளைகள் 'வளரும் நிறுவனத்தில் என் திறமையைப் பயன்படுத்த விழைகிறேன்' என்று எழுதி வைக்கிறார்கள். அர்ப்பணிப்பு என்ற சொல்லைப் போட்டு ஆள் தேடுகிறவர் உலகத்தில் கிடையாது. மிஷின் பெயரைத் தேடுவார்கள், சாஃப்ட்வேர் பெயரைத் தேடுவார்கள், சான்றிதழைத் தேடுவார்கள்.

பொதுவான வரி எதற்கும் உதவாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் திருத்தங்கல் ரோட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய எங்கள் மாஸ்டர். அவர் காலத்தில் லிங்க்ட்இன் இல்லை, இன்டர்நெட்டே இல்லை. விண்ணப்பம் அடிக்க வருகிறவர்கள் யாரோ எழுதிய பழைய விண்ணப்பம் ஒன்றைக் கையில் கொண்டுவந்து, பெயரை மட்டும் மாற்றி அடிக்கச் சொல்வார்கள். மாஸ்டர் அடிக்க மாட்டார். "அடுத்தவன் பேரைப் போட்டாலும் பொருந்துற வரி உனக்கு எதுக்குடா?" என்பார். நாங்கள் அப்படி ஒரு வரி அடித்துவிட்டால், உருளையிலிருந்து தாளை கார்பனோடு சேர்த்து உருவிக் கிழித்துப் போடுவார். கார்பன் தாள் விற்ற விலையில் அது சாதாரண விஷயம் இல்லை. வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து விசாரிப்பார். என்ன வேலை பார்த்தாய் என்று மட்டும் கேட்கவே மாட்டார். அதைக் கேட்டால் கம்பெனி பெயரைத்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். "கடைசியா வேலையில யாரோட சண்டை போட்டே? எதுக்கு?" இதுதான் அவர் கேள்வி. ஒருவன் தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்துக்காகத்தான் வேலை இடத்தில் சண்டை போடுவான் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு இன்றுவரை என்னிடம் தப்பவில்லை.

சிவகாசிக்காரரிடமிருந்து அவர் செய்த வேலையைப் பேச்சாக வாங்குவதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமானது. முதலாளி பெயரைச் சொல்வார்கள், கம்பெனியின் புகழைச் சொல்வார்கள், தன்னைச் சொல்ல மாட்டார்கள். பிரஸ்ஸில் நாலு கலர் மிஷின் ஓட்டும் மைண்டர் ஒருவர் வந்தார். சொந்தக்காரர் ஒருவர் துபாயிலிருந்து லிங்க்ட்இன் கணக்கு தொடங்கச் சொன்னாராம். "நான் மிஷின் ஓட்டுறேன் அண்ணாச்சி, வேற எழுத என்ன இருக்கு?" என்றார். மாஸ்டரின் கேள்வியைக் கேட்டேன். பேப்பர் ஸ்டோர்க்காரரோடு சண்டையாம். மழை மாதத்தில் ஆர்ட் பேப்பரை குடோனிலிருந்து நேராக மிஷினுக்குக் கொண்டுவந்தால் ஈரம் இழுத்து ஓரம் அலை அடிக்கும், ரிஜிஸ்டர் உட்காராது, கலர்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. முதல் நாளே மிஷின் ரூமில் கொண்டுவந்து அடுக்கு என்றால் ஸ்டோர்க்காரர் கேட்பதில்லை என்றார். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்ட நாள் முதல் சீசன், எல்லோருக்கும் அவசரம். அப்புறம் பேச்சு தானாக வந்தது. டேம்பனிங் தண்ணீரில் ஆல்கஹால் அளவு, முருகன் படத்தில் முகம் சிவக்காமல் மெஜந்தாவை அடக்குவது, மிஷினைத் தயார் செய்யும் மேக்ரெடியில் எத்தனை ஷீட் வீணாகிறது, அதைக் குறைக்க அவர் என்ன செய்தார். பேசி முடிக்க ராத்திரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எழுத எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. மிஷின் பெயர், ஷீட் அளவு, எத்தனை கலர், டென்சிட்டோமீட்டர் பழக்கம், ஆர்ட் பேப்பர், போர்டு இரண்டிலும் ஓட்டிய அனுபவம், வேஸ்டேஜ் குறைத்த விவரம். வெளியூர்க்காரர்கள் 'ஆஃப்செட் பிரிண்டிங் ஆபரேட்டர்' என்று போட்டுத் தேடுவார்கள் என்பதால் தலைப்பு வரியில் அதை வைத்து, மைண்டர் என்ற பெயரை அனுபவப் பகுதியில் வைத்தேன். சில வாரங்களில் ஓசூர்ப் பக்கத்து பேக்கேஜிங் கம்பெனி ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது.

பட்டாசு ஆலை கெமிஸ்ட் ஒருவரின் ப்ரொஃபைலில் 'கெமிஸ்ட்' என்ற சொல்லுக்கு மேல் ஒன்றுமில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பட்டாசில் பேரியம் கூடாது என்றான பிறகு, நீரி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு ஃபார்முலாவுக்கு மருந்துக் கலவையை மாற்றி, சோதனைக்கு அனுப்பி, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதி வரும் வரை கூடவே இருந்தவர் அவர். ஒரு தொழிற்சாலையின் மூலப்பொருளையே மாற்றிக் காட்டிய அனுபவம் அது. ரசாயனக் கம்பெனிக்காரர்கள் விளக்கு வைத்துத் தேடுகிற ஆள். கேட்டால், "அது எல்லா ஆலையிலயும் நடந்ததுதானே" என்றார். ஏ.ஐ. நன்றாகவே எழுதும், இலக்கணப் பிழையும் வராது. ஆனால் சொன்னதைத்தானே எழுதும்? அவர் அதைச் சொல்லவே போவதில்லை. சொல்லத் தகுந்தது என்றே அவருக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம், வெளியூர்ப் பயிற்சியாளர்கள் யோசிக்காதது. வேலை தேடுவதைக் காட்டும் 'ஓபன் டு வொர்க்' பச்சை வளையத்தைப் போட்டோவில் மாட்டச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த ஊரில் முதலாளிகள் ஒருவருக்கொருவர் சம்பந்திகள். காலையில் வளையம் போட்டால் சாயங்காலம் கணக்குப்பிள்ளை கூப்பிட்டு விசாரிப்பார். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்க அதிலேயே வழி இருக்கிறது. அதுவும் முழு மறைவு இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. ப்ரொஃபைலைத் திருத்துமுன், மாற்றங்களை நண்பர்களுக்கு அறிவிக்கும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். வேலை பார்க்கத் தயாராக இருக்கும் ஊர்களில் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். சிவகாசி என்று மட்டும் இருந்தால் சென்னையைப் போட்டுத் தேடுகிறவரின் பட்டியலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். வேலை தருகிறேன் என்று பணம் கேட்கிறவன் ரெக்ரூட்டர் இல்லை. வெளிநாட்டு வேலை என்றால் முகவருக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்று ஈ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

கல்யாணப் பத்திரிகைக்கு ஃபாயில் அடிக்க, எம்போஸ் போட, ஆயிரக்கணக்கில் யோசிக்காமல் கொடுக்கிறார்கள். சாப்பாடு போடப் போகிற பக்கத்துக்கு ஜெராக்ஸ் விலை பேசுகிறார்கள். கூட உட்கார்ந்து கேட்கிற நேரத்துக்குக் காசு உண்டு என்றால், "டைப்பிங்தானே" என்கிறார்கள். புதிதாக வந்த கடைகளில் ஒரே டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றி இருபது பேருக்கு ஒட்டித் தருகிறார்கள். மாஸ்டர் கிழித்துப் போட்ட அதே விண்ணப்பம், இப்போது கலரில் வருகிறது.

இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் ப்ளேஸ்மென்ட் பார்க்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி செமஸ்டரில் ஒரு நாள் மேடைப் பேச்சு வேண்டாம். இரண்டாம் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவரையும் ஒரு பிரஸ்ஸுக்கோ, ஆலைக்கோ, ஒர்க்‌ஷாப்புக்கோ அனுப்புங்கள். அங்கே வேலை பார்க்கிற ஒருவரிடம் கேட்டுக் கேட்டு, அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். வேறு யாருக்கும் பொருந்தாத பக்கமாக அது இருக்கும் வரை திருப்பி அனுப்புங்கள். தன் ப்ரொஃபைலை அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தானே எழுதிக்கொள்ளும்.