முட்டையில்லாத கஸ்டர்டும் கோதுமையில்லாத புட்டிங்கும்

பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃப்ரட் பேர்டின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. கஸ்டர்ட் என்றாலே முட்டைதான். பால் கெட்டியாவது அதனால்தான். மனைவியும் சாப்பிடவேண்டும் என்று 1837இல் பேர்ட் சோளமாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் ஒன்றைச் செய்தார். அவருக்கு ஈஸ்ட்டும் ஆகாது. அதனால் சில வருடம் கழித்து ரொட்டிக்காக ஒரு பேக்கிங் பவுடரையும் உருவாக்கினார். இன்று நம்மூர் மளிகைக் கடையில் இருக்கும் கஸ்டர்ட் பவுடர் டின், ஒரு மனைவிக்காகச் செய்த அந்தச் சமையலின் வாரிசு. ஆங்கிலேயர்கள் பலருக்குக் கஸ்டர்ட் என்றதும் நாக்கில் வருவது இந்தப் பவுடரின் ருசிதான். மாற்றாக வந்தது அசலின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

அக்காவோடு சண்டை போடத்தான் இந்தத் தகவல் எனக்குத் தேவைப்பட்டது.

அக்கா லீட்ஸில் இரண்டு வருடம் முதுகலை படித்தாள். குளிருக்கு அவளுக்குப் பிடித்துப்போனது ஸ்டிக்கி டாஃபி புட்டிங். பேரீச்சம்பழம் போட்ட கறுத்த கேக், அதன் மேல் சூடாக வெண்ணெயும் கிரீமும் சர்க்கரையும் சேர்ந்த டாஃபி சாஸ். ஊர் திரும்பிய மறுவருடம் இரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோபி. சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாது. பாலைச் செரிக்கும் லாக்டேஸ், சேதமான அந்தக் குடல் சுவரின் நுனியில்தான் சுரக்கிறது. ஆகவே குடல் ஆறும்வரை பாலும் வேண்டாம் என்றார் மருத்துவர். அந்த நேரம் பார்த்து அம்மா தைப்பூசத்துக்குப் பால்குட விரதத்தில் இருந்தார். வீட்டுக்குள் முட்டை வரக்கூடாது. எந்தக் கொள்கையும் இல்லாமலேயே எங்கள் அடுப்படி குளூட்டன் இல்லாத வீகன் அடுப்படியாகிவிட்டது.

நோயைவிட அவளை வதைத்தது விருந்துகள்தான். கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் நடுவில் தன் டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். "ஒரு துண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டா செத்தா போயிடுவ?" என்று சித்தி கேட்பார். சாம்பாரும் ஆபத்துதான், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கிச்சாப்பிலும் கோதுமை உண்டு. எதைத் தட்டில் வைத்தாலும் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல என்ன போட்டிருக்கு?"

புட்டிங் செய்து தருகிறேன் என்றபோது, "வேணாம்டா, டுப்ளிகேட் சாப்பிடறதுக்குச் சாப்பிடாமலே இருக்கலாம்" என்றாள். நான் பேர்டைக் கொண்டுவந்து நிறுத்தியது அப்போதுதான்.

அவள் 'அசல்' என்று சொன்ன புட்டிங்குக்கு வயது எவ்வளவு? ஏரி மாவட்டத்தில் அல்ஸ்வாட்டர் கரையிலிருந்த ஷாரோ பே ஹோட்டலில் ஃபிரான்சிஸ் கூல்சன் 1970களில் பரிமாறித்தான் அது பேர்பெற்றது. லங்காஷயர் பெண்மணி ஒருவரிடமிருந்து அவருக்கு வந்தது என்றும், அந்தப் பெண்மணிக்குப் போர்க்காலத்தில் கனடா விமானப்படை அதிகாரிகள் கொடுத்தது என்றும் ஒரு கதை உண்டு. போதாததற்கு, பேரீச்சை விளையாத நாட்டின் தேசிய இனிப்பு அது. வீகன் என்ற சொல்லும் 1944இல் இங்கிலாந்தில் பிறந்ததுதான்.

இனி அடுப்படி. கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் அதன் புரதங்கள் பின்னி வலையாகும். காற்றைப் பிடித்துவைப்பது அந்த வலை. ரொட்டிக்கு அது உயிர். புட்டிங்குக்கோ, மாவு போட்டபின் அதிகம் கலக்காதே என்று அசல் செய்முறையே எச்சரிக்கும். வலை இறுகினால் கேக் ரப்பராகிவிடும். அதாவது கோதுமையின் பெரிய திறமையே இங்கே வேண்டாத விருந்தாளி. எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

200 கிராம் பேரீச்சையை நறுக்கி, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா தூவி, 250 மில்லி கொதிநீர் ஊற்றி மூடிவைத்தேன். சோடாவின் காரத்தில் தோல் கரைந்து பழம் கறுத்துக் கூழாகும். ஈரம், நிறம், பாதி இனிப்பு எல்லாம் இதிலேயே வந்துவிடும். இரண்டு முட்டைக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை ஆறு கரண்டி தண்ணீரில் ஊறவைத்தால் முட்டை வெள்ளைக்கருவின் கொழகொழப்பு வரும். 120 கிராம் அரிசி மாவு, 40 கிராம் மரவள்ளி மாவு, கொஞ்சம் இசப்கோல், பேக்கிங் பவுடர், தேங்காய் எண்ணெய், சீவிய குலா மலாக்கா. கலந்ததும் அடுப்பில் வைக்கக்கூடாது. அரை மணி நேரமாவது ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் அரிசி மாவு பல்லில் மணலாக நெருடும். ஆப்ப மாவைப் பொறுமையாகக் கையாளும் அம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவனில் 180 பாகையில் 35 நிமிடம்.

சாஸில் வெண்ணெயின் இடத்தைத் தேங்காய்ப்பால் நிரப்பாது. வெண்ணெய் காயும்போது அதிலுள்ள பால் சிவந்து வரும் அந்த வாசம் வேறு. அதை நகலெடுக்க நான் முயலவே இல்லை. குலா மலாக்காவில் ஏற்கெனவே ஒரு புகைவாசம் உண்டு. 150 கிராமைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்து, உப்பு ஒரு சிட்டிகை தாராளமாகப் போட்டு, சிறுதீயில் பத்து நிமிடம். குழம்பில் எண்ணெய் பிரிந்தால் மகிழ்வோம், இங்கே பிரிந்தால் போச்சு. செண்டோலும் ஒண்டே ஒண்டேயும் தின்று வளர்ந்த நாக்குக்கு இந்தச் சாஸ் அந்நியமில்லை. நம் பாசார் மாலாமில் கோதுமையும் பாலும் முட்டையும் இல்லாத குவே எத்தனை இருக்கிறதென்று அன்றுதான் எண்ணிப்பார்த்தேன்.

செய்முறையைவிடச் சிரமம் சுத்தம். குளூட்டன் இல்லை என்று ஒரு பொட்டலத்தில் எழுத, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவு. பழைய சல்லடையின் ஓட்டைகளில் ஒட்டியிருக்கும் சப்பாத்தி மாவே போதும் அதைத் தாண்ட. வேலையிடத்தில் ஒரு அளவு தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். இங்கே எரிவது அக்காவின் வயிறு. அம்மா ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய்ப் புது சல்லடையும் புது மரக்கரண்டியும் வாங்கி வந்து, சிவப்புத் துணி கட்டித் தனி அலமாரியில் வைத்தார்.

கேக் லீட்ஸில் சாப்பிட்டதைப்போல் மெத்தென்று இல்லை, கொஞ்சம் அடர்த்தி. அக்கா அதைச் சொல்லவும் செய்தாள். "சாஸ் நல்லாருக்கு, ஆனா அந்த சாஸ் இல்ல." சரிதான். பேர்டின் பவுடரை ஓட்ஸ் பாலில் காய்ச்சலாமா என்றாள். ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கலாம் என்று சோயாப் பாலில் காய்ச்சினோம். இரண்டாவது துண்டை அவளே வெட்டிக்கொண்டாள், எதுவும் கேட்காமல்.

மிச்ச சாஸை மறுநாள் காலை அம்மா புட்டு மாயத்தின் மேல் ஊற்றி, தேங்காய்ப்பூ தூவிச் சாப்பிட்டார். "இதுக்கா ரெண்டு பேரும் இங்கிலாந்து வரைக்கும் போனீங்க?" என்றார். அக்கா தன் தட்டை நீட்டினாள்.