பெருமூச்சு

"பொம்பளப் புள்ள வூட்ல பெருமூச்சு வுடக் கூடாது" என்பாள் ஆயா. திருவொற்றியூரில் நான் வளர்ந்த வீட்டில் அது சட்டம். பிறகு தமிழ் படிக்கப் போனேன். அங்கே தலைவியர் பெருமூச்சு விட்டபடியே இருந்தார்கள். பிரிவுத்துயர் என்று பொருள் சொல்லிக் கொடுத்தார்கள்.

1874இல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர், நீரிழிவு முற்றி மயக்கத்துக்குப் போகிறவர்கள் ஆழ ஆழ மூச்சு வாங்குவதைக் கவனித்து எழுதினார். நெஞ்சில் சளியோ அடைப்போ இல்லை. இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சர்க்கரை நிரம்பிக் கிடந்தாலும் உடலால் அதைப் பயன்படுத்த முடியாது, கொழுப்பைக் கரைக்கிறது. கல்லீரல் அதைக் கீட்டோன் அமிலங்களாக்குகிறது. 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டிய இரத்தத்தின் பி.எச். அளவு சரிகிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியே தள்ளித் தள்ளிச் சமாளிக்கப் பார்க்கிறது. (2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் சாராயம் குடித்தவர்களுக்கும் அமிலமே ஏறியது, அது ஃபார்மிக் அமிலம்.)

என் மாணவி ஒருத்திக்குப் பதினோரு வயதிலேயே முதல் வகை நீரிழிவு. வாழ்நாள் முழுக்க ஊசி. கல்லூரிக் கழிப்பறையில் போட்டுக்கொள்வாள். "பொண்ணு பாக்க வர்றவங்க காதுக்குப் போயிடும் மேம்." ஆணுக்குச் சர்க்கரை என்றால் கட்டிக்கொள்ளப் பெண் கிடைக்கிறாள்.

காசிமேட்டில் கட்டிக் கொடுத்தார்கள். சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் தெரிந்துவிடும் என்று இன்சுலின் குப்பியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். சித்திரை வெயிலில் மருந்தின் வீரியமும் குறைந்திருக்கும். விருந்து, உறவுக்காரர் கூட்டம் என்று மூன்று நாள் ஊசியே போடவில்லை. வாந்தி வந்தது, வயிறு வலித்தது. கல்யாணமாகி இரண்டு மாதம். வாந்திக்கு அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போட்டார்களாம். மூச்சு வாங்கத் தொடங்கியபோது அம்மா வீட்டு ஏக்கம் என்றார்கள்.

நினைவு தப்பும் நேரத்தில் கணவன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினான். மூச்சில் அடித்த பழ வாடையிலேயே பணியிலிருந்த இளம் பெண் மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் சலைன், உடல் அவ்வளவு வற்றியிருந்தது. பிறகு நரம்பு வழியே இன்சுலின், கிலோ எடைக்கு மணிக்கு 0.1 யூனிட் கணக்கில். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் இழுத்துவிடும், இதயத் துடிப்பு தடுமாறும் என்பதால் அதையும் அளந்து அளந்து ஏற்றினார்கள். அமிலம்தானே, சோடா உப்பு ஏற்றக் கூடாதா என்று கேட்டேன். பி.எச். மிகவும் கீழே போனால்தான் பைகார்பனேட். இன்சுலின் போனால் அமிலம் உண்டாவதே நின்றுவிடும் என்றார்.

டொராண்டோவில் ஒரு 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டது 1922 ஜனவரியில். இங்கே ராயபுரம் பக்கம், ஸ்டான்லி மருத்துவமனையில், பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையும் அமைத்தார். இத்தனையும் பக்கத்திலேயே இருந்தும், காசிமேட்டு வீட்டின் ஃப்ரிட்ஜில் அவளுக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தா கட்டியிருக்கவே மாட்டோம்" என்றார் மாமியார்.

"அதனாலதான் அத்தை சொல்லல" என்றாள் அவள், இட்லியைப் பிட்டபடி.

குப்பி இப்போது ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உறவுக்காரர்கள் வரும்போது மட்டும் மாமியார் அதைக் காய்கறி டிரேக்குள் தள்ளிவிடுகிறாராம்.