பழவேற்காடு: ஐப்பசிக் குறிப்புகள்

முகத்துவாரம் திறந்து கிடக்கிறது. கடல் இரைச்சல் தெருவரை வருகிறது. கோடை ஆய்வுக்கு விண்ணப்பம் போடும் காலமும் இதுதான். மே மாதத்து வேலைக்கு மழைக்காலத்திலேயே எழுதிப் போட வேண்டும் என்பதைக் கல்லூரியில் யாராவது சொன்னால்தான் உண்டு.

*

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பெண். வலை பின்னிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஈர்ப்பு அலைன்றாளே, அது எந்தக் கடல்ல சார் அடிக்குது?"

*

முதல் ஈர்ப்பு அலை சிக்கியது 2015 செப்டம்பர் 14. இரண்டு வாரம் கழித்து, 28-ஆம் தேதி, எதிரே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் கிளம்பியது. இங்கே அது இன்னொரு ராக்கெட் நாள். படகு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். 2017 ஜனவரியில் வந்த ஓர் ஈர்ப்பு அலையோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒளி, மறுநாள் நடந்த வேறொரு வெடிப்பினுடையது என்று காட்ட உதவியது அதே அஸ்ட்ரோசாட்.

*

ஈர்ப்பு அலையைப் பிடிக்கும் கருவி லைகோ. அமெரிக்காவின் கால்டெக்கில் அதன் கோடை ஆய்வு 10 வாரம். இந்திய மாணவர்களும் போகிறார்கள். உள்ளூரில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதத் திட்டம், புனேயின் ஐயூகா வானியல் மையத்தின் விடுமுறைத் திட்டம். சிறுசேரியில், சென்னை கணிதவியல் கழகத்திலேயே ஈர்ப்பு அலை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஹிங்கோலியில் வரப்போகும் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஆள் வேண்டியிருக்கும்.

*

கோடைக்கு வரும் பிள்ளைகளில் பலருக்குக் கிடைப்பது இரைச்சலைப் பிரிக்கும் வேலை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். லைகோவின் 4 கி.மீ. நீளக் கரத்தில் ஈர்ப்பு அலை உண்டாக்கும் மாற்றம் புரோட்டான் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. கடலலையோ கரையை மோதி, கண்டத்தின் உள்ளே வரை தரையை மெல்ல அசைக்கிறது. ஐந்து பத்து விநாடிக்கு ஓர் அசைவு. அது கூடினால் கருவியின் கண்ணாடிகள் நிலை தவறும். சிதறிய ஒளி, வரைபடத்தில் வில் வில்லாக விழும். எது வானம், எது கடல் என்று பிரித்தாக வேண்டும்.

*

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கப் பாடு உண்டு: சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு. ஆண்களுக்கு மட்டும். ஆய்வுக்கு முறை கிடையாது. பரிந்துரைக் கடிதம் உண்டு. ஆய்வே செய்திராத வாத்தியாரிடம் என்ன கடிதம் வாங்குவது?

*

அந்தப் பெண் விண்ணப்பத்தை "சிறுவயது முதலே விண்மீன்கள்" என்று ஆரம்பித்திருந்தாள். அதை அடித்துவிட்டு, அலை அடித்தால் தரை நடுங்குவதிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

"அது எங்க ஊரு சங்கதி சார். அதெல்லாமா எழுதுவாங்க?"