அடியில் படிந்த உப்பு

கடற்கரைக்குச் சென்று திரும்புவோர் காலைக் கழுவிக்கொண்டே வீட்டினுள் நுழைவர். எவரும் சொல்லித் தர வேண்டாத பழக்கம் இது. ஆனால், அவர்களைச் சுமந்து சென்று, அவர்களோடு மணலில் இறங்கி, ஈரத்தில் நின்று திரும்பிய வண்டியின் கால்களைக் கழுவுவோர் எத்தனை பேர்? ஒரு காலத்தில் நான் கழுவவில்லை. அதற்கு விலையாக மூன்று பிள்ளைகளின் உயிரைக் கொடுத்திருப்பேன். அந்தக் கதையை இதுவரை நான் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை.

என் தந்தையார் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் சென்று மாலையில் திரும்பியதும், சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, வாளித் தண்ணீருடன் லாரியின் அடியில் நுழைந்துவிடுவார். மேற்புறத்தைக் கழுவும் வேலை பிள்ளைகளாகிய எங்களுக்கு. அடிப்புறத்தை மட்டும் அவர் எவரிடமும் விட்டதில்லை. சேறு படிந்த முகத்தோடு அவர் வெளியே வரும்போது நாங்கள் சிரிப்போம். பளபளக்கும் மேற்புறத்தை நாங்கள் கழுவுகிறோம், யாருக்கும் தெரியாத அடிப்புறத்தை அப்பா கழுவுகிறாரே என்று எண்ணிச் சிரித்த சிரிப்பு அது.

இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் மறைந்தார். அவருடைய அஸ்தியைக் கரைக்க மோரிப் கடற்கரைக்குச் சென்றோம். அங்கே நீர் வற்றும் வேளையில் கடல் வெகுதொலைவு பின்வாங்கிவிடும். மேலே மணலும் கீழே சேறுமாகக் கரை அகன்று கிடக்கும். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், சப்பானியர் சரணடைந்தபின் இந்நாட்டுக்குத் திரும்பிய பிரிட்டிஷ் இந்தியப் படை அக்கரையில்தான் இறங்கிற்று. அன்று அந்தப் படையின் வண்டிகள் பல அம்மணலில் புதைந்து நின்றன. அதன் நினைவுச் சின்னம் இன்றும் கரையில் உண்டு. வரலாறு படித்த ஆசிரியனாகிய நான் அதனைக் கடந்துதான் வண்டியை மணலில் இறக்கினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் நடக்க அவரால் இயலாது.

சடங்கு முடிவதற்குள் நீர் ஏறத் தொடங்கியது. பின்சக்கரங்கள் புதைந்தன. அலை கதவின் அடிவிளிம்பைத் தொட்டது. அவ்வழியே வந்த மலாய் இளைஞர்கள் நால்வர் முகமறியா எங்களுக்காக இடுப்பளவு நனைந்து வண்டியைத் தள்ளிவிட்டனர். வீட்டுக்கு வந்ததும் அனைவரும் தலை முழுகினோம். வண்டிக்கு மட்டும் ஒரு ஈரத்துணியால் மேற்பூச்சுத் துடைப்போடு மரியாதை முடிந்தது. அதன்பின் மூன்று ஆடி அமாவாசைகளுக்கு அம்மாவை அவ்வாறே மணல்வரை ஏற்றிச் சென்றேன். “தம்பி, அப்பா இருந்தா இந்நேரம் வண்டிக்கு அடியில கிடப்பாரு” என்று ஒருமுறை அம்மா சொன்னார். நான் அதனைத் துயரம் என்று எடுத்துக்கொண்டேன். அறிவுரை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் ஆண்டின் இறுதியில், மாணவர் மூவரைப் பேச்சுப் போட்டிக்கு ஏற்றிச் சென்றேன். செம்பனைத் தோட்டத்தின் நடுவே இறக்கமான சாலை, கீழே முச்சந்தி, அங்கே குலை ஏற்றிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை இறங்கிற்று. மீண்டும் மீண்டும் மிதித்தேன். வேகம் சற்றே குறைந்தது, வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, சாலையோரப் புல்மேட்டில் வண்டியை ஏற்றினேன். லாரிக்கும் எங்களுக்கும் இடையே ஒரு வண்டியின் நீளம் இருந்திருக்கும். பின்னிருக்கையிலிருந்து, “ஐயா, போட்டிக்கு நேரமாகிவிடுமா?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. நடந்தது என்னவென்று அப்பிள்ளைகளுக்குப் புரியவே இல்லை.

பட்டறையில் வண்டியை உயர்த்திய சீன முதியவர் என்னை அடியில் அழைத்துக் காட்டினார். பிரேக் எண்ணெய் செல்லும் எஃகுக் குழாய் ஒன்று, அதனைப் பிடித்திருக்கும் கவ்வியின் ஓரத்தில் அரித்துப் பொத்தலாகியிருந்தது. கவ்வியின் இடுக்கில் ஈரமணல் இறுகிக் கிடந்தது. அவர் அதனை விரலால் எடுத்து, “கடலா?” என்று மலாயில் கேட்டார். நான் தலையசைத்தேன். இக்கால வண்டிகளில் பிரேக் எண்ணெய் இரு பிரிவுகளாகச் செல்கிறது. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று ஓரளவு காக்கும். அன்று எங்களைக் காத்தது அந்த இரண்டாம் பிரிவும் கைப்பிரேக்கும்தான்; என் திறமையன்று.

ஆயினும், பள்ளியில் நான் திறமைசாலியானேன். பெற்றோர் பழக்கூடையோடு வந்து நன்றி கூறினர். காலைக் கூட்டத்தில் பாராட்டு நடந்தது. நானும் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன். பழுதுக்குக் காரணம் நானே என்று சொல்ல நா எழவில்லை.

அறிவியல் பாடத்தில் துருவைப் பற்றி எத்தனை முறை கற்பித்திருப்பேன்! இரும்பும் நீரும் உயிர்வளியும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதில் பாய்வதால் அரிப்பு விரைகிறது. நீர் உலர்ந்தாலும் உப்பு போவதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கசியும். அடுக்களையின் உப்புச் சாடியில் நாம் காண்பது அதுதான். நம் நாட்டின் இரவுகளில் ஈரப்பதம் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான். ஆக, ஒரு நாள் படிந்த உப்பு இரவுதோறும் வேலை செய்கிறது. மணலோ அந்த ஈரத்தை இடுக்குகளில் பிடித்து வைக்கிறது.

அன்றுமுதல் கடற்காற்றுப் பட்டாலும் போதும், அன்றைக்கே வண்டியைக் கழுவுகிறேன். பிரேக் சூடு ஆறும்வரை காத்திருந்து, முதலில் தேய்க்காமல் நிறைய நல்ல நீரை ஊற்றி மணலை ஓடவிட வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் சாயத்தைக் கீறிவிடும். பின்னர்ச் சக்கரக் குழிகள், அதன்பின் அடிப்புறம். புல்வெளிக்கு நீர் தெளிக்கும் கருவியை வண்டிக்கு அடியில் வைத்துத் திறந்துவிட்டு, வண்டியைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்தினால் நீர் எங்கும் எட்டும். கதவுகளின் அடியிலுள்ள வடிதுளைகளை மெல்லிய குச்சியால் குத்தி மணலை நீக்க வேண்டும். அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே துருவேறும். சவர்க்காரமும் பஞ்சும் இவற்றுக்குப் பின்னரே. விரிப்புகளை எடுத்து உதறி, அவற்றின் கீழும் பார்த்தல் நன்று. முடிவில் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாக அழுத்தி உலரவிட வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் போதும்.

இன்று நான் தலைமையாசிரியன். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் சுவருக்குச் சாயம் பூசுகிறோம். பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்குகிறோம். அப்போதெல்லாம் கடைசி வரிசையில் அமர்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாமல், கேள்வி கேட்டால் புத்தகத்துக்குள் முகத்தை மறைக்கும் பிள்ளை என் நினைவுக்கு வருவான். அவன் அருகில் சென்று அமர்ந்தால் சாக்கு விரித்துப் படுத்த என் தந்தையாரின் முதுகு நினைவுக்கு வரும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றவை பல. இதனை லாரியின் அடியில்தான் கற்றிருக்க வேண்டும். அன்று நான் மேற்புறத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த மூவரும் இன்று வளர்ந்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவருள் ஒருத்தி தமிழாசிரியை. இத்தொகுப்பு அவள் கைக்குச் செல்லக்கூடும். அவ்வாறு சென்றால், அம்மா, அன்றைய பழக்கூடைக்கு நான் தகுதியுடையவன் அல்லன் என்பதை உன் பெற்றோரிடம் சொல்லிவிடு.