ஒற்றைக் கட்டைக்குக் குறி

ஹெல்சிங்கி, ஜூலை



பின்லாந்தில் இப்போது கோடை. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊர், வெயிலைக் கண்டதும் புல்தரைக்கு வந்துவிட்டது. எந்தப் பூங்காவுக்குப் போனாலும் கட்டையில் கட்டை மோதும் ‘டொக்’ சத்தம். அதுதான் மொல்க்கி. பாட்டியும் பேரனும் சரிக்குச் சரி நின்று ஆடும் எறி விளையாட்டு. குறி பார்த்து எறியப் பிள்ளைகளைப் பழக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

ஆட்டம் எளிது. சுமார் 15 செ.மீ. உயரத்தில் 12 உருளைக் கட்டைகள். தலைப்பகுதி சாய்வாகச் சீவப்பட்டு, அதில் 1 முதல் 12 வரை எண்கள் எழுதியிருக்கும். அவற்றை நெருக்கி நிறுத்திவிட்டு, மூன்றரை மீட்டர் தள்ளி நின்று, சற்று நீளமான இன்னொரு கட்டையை வீச வேண்டும். கை தோளுக்கு மேல் போகாமல் கீழிருந்து வீசுவதுதான் முறை. ஒரே கட்டை விழுந்தால் அதன் எண்ணே புள்ளி. பல விழுந்தால், விழுந்தவற்றின் எண்ணிக்கை. சரியாக 50 எடுப்பவருக்கு வெற்றி. தாண்டினால் 25-க்கு இறங்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை எதுவும் விழாவிட்டால் ஆட்டத்தை விட்டே வெளியே.

கியூக்கா என்று இங்கே, கரேலியா பகுதியின் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. கனத்த தடியை வீச வேண்டும். தோளில் வலு இருந்தால்தான் நடக்கும். அதையொட்டி 1996-இல் லாஹ்தி நகரத்தில் உருவானது மொல்க்கி. இதில் வலுவுக்கு வேலை குறைவு, நிதானத்துக்குத்தான் மதிப்பு.

இதன் உயிர் ஒரு சின்ன விதியில் இருக்கிறது. விழுந்த கட்டையை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கக் கூடாது. அது கிடக்கும் இடத்திலேயே நிமிர்த்த வேண்டும். நாலு எறி முடிவதற்குள் கட்டைகள் புல்வெளி எங்கும் சிதறிவிடும். ஒவ்வொரு முறையும் தூரம் வேறு, திசை வேறு.

கை பழகுவதற்கு வேண்டியது இதுதான். கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. எட்டு வயதுப் பிள்ளைகள், எறிவதற்குச் சிறு பைகள். ஒரு குழு மூன்றடி தூரத்திலேயே எறிந்து பழகியது. இன்னொரு குழு இரண்டடியிலும் நாலடியிலும் மாற்றி மாற்றிப் பழகியது. கடைசியில் இரு குழுவுக்கும் மூன்றடியில் தேர்வு. அந்தத் தூரத்தில் எறிந்தே பழகாத குழுதான் நன்றாக எறிந்தது! ஒரே இடத்தில் நின்று நூறு முறை எறி என்று பிள்ளையை வாட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

போன ஞாயிறு என் மகள் 44 புள்ளியில் நின்றாள். வேண்டியது 6. ஆறாம் எண் கட்டையோ தொலைவில், 9-க்குப் பின்னால் பாதி மறைந்து நின்றது. முதல் எறியில் கையிலிருந்து கட்டை தாமதமாக விடுபட்டு, மேலே எழும்பி அருகிலேயே விழுந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி கையைத் திருத்தவில்லை. ஆறாம் எண் கட்டையின் அடியைப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த முறை வந்தபோது மகள் இடது காலை முன்வைத்து, ஒரு மூச்சு நிதானித்து, தாழ வீசினாள். கட்டை புல்லில் ஒருமுறை பட்டு உருண்டு, 9-ஐ உரசாமல் 6-ஐ மட்டும் சாய்த்தது. சரியாக 50! பாட்டிதான் முதலில் கைதட்டினார்.

வலக்கைக்காரருக்கு இடது கால் முன்னே. கண் இலக்கில், கையில் அல்ல. கட்டை தரையில் புதைகிறதா, சீக்கிரம் விடுகிறோம்; வானத்துக்குப் போகிறதா, தாமதமாக விடுகிறோம். தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் இவ்வளவே. மீதியை ஆட்டம் பார்த்துக்கொள்ளும்.

இதற்குப் பின்லாந்து மரம் தேவையில்லை. ஆறு செ.மீ. பருமனில் இரண்டரை மீட்டர் சவுக்குக் கம்பு ஒன்று வாங்குங்கள். தச்சரிடம் கொடுத்து 12 துண்டு போட்டு, தலையைச் சாய்வாக அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். எறிவதற்கு 22 செ.மீ. துண்டு ஒன்று. எண்களைப் பிள்ளைகளே எழுதட்டும். மொட்டை மாடி வேண்டாம். மண்தரை அல்லது மணல்தான் நல்லது. எறியும்போது கட்டைகளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. சின்னவர்கள் இரண்டடி முன்னால் வந்து எறியட்டும், தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தே எறியட்டும்.

பயிற்சி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டார் எல்லாரும் சேர்ந்து ஆடுங்கள். குறி தானாகக் கைக்கு வரும். 50-லிருந்து கழிக்கும் கணக்கும் கூடவே வரும்.

அன்புடன்,
உங்கள் மடலாசிரியர்